ஆர்டர் குறைந்த நேரத்தில் நிலத்தை விற்று ஜாப் வொர்க் போடலாமா?

கேள்வி: பள்ளிகொண்டாவுக்கும் மாதனூருக்கும் நடுவில் பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பிரிவில் 9 வருடம் 2 மாதமாக வேலை செய்கிறேன். ஆர்டர் இல்லை என்று சில மாதமாக வாரத்துக்கு 3 நாள்தான் வேலை. "கஷ்டமாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்" என்கிறார்கள். மாமனார் வழியில் முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. தென்னை மட்டும் நிற்கிறது. அதை விற்று நான்கு மெஷின் வாங்கி வீட்டிலேயே ஜாப் வொர்க் (கம்பெனிகள் கொடுக்கும் தையலைக் கூலிக்குச் செய்வது) போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா ஐயா?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. நிலத்தை விற்கவும் வேண்டாம், எதையும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. நேரம்தான் சரியில்லை.

வேலை குறைந்ததும் கிணறு உப்பானதும் இரண்டு தனித்தனிக் கஷ்டங்கள் போலத் தெரியும். வட ஆற்காட்டில் அவை ஒரே வேரில் வந்தவை. பாலாற்று ஊற்றுத் தண்ணீரும் ஆவாரம் பட்டையும் தாராளமாகக் கிடைத்ததால்தான் தோல் பதனிடும் தொழில் இங்கே நிலைத்தது. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வைத்தது. முழுதாக முடித்த தோலும் ஷூவும்தான் வெளிநாடு போகவேண்டும் என்பது நோக்கம். உங்களைப் போல ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தையல் வேலை கிடைத்தது அந்த மாற்றத்தால்தான். கூடவே குரோமிய உப்பால் தோல் பதனிடுவதும் பெருகியது, கழிவுநீரும் பெருகியது.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் உங்கள் தென்னந்தோப்பைக் கெடுத்தது பெரும்பாலும் சாதாரண உப்பாகத்தான் இருக்கும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுக் கொண்டுவருவார்கள். முதல் ஊறலிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். குரோமியத்தைச் சுண்ணாம்பு போன்றவற்றால் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் பிரியாது; ஆர்.ஓ. வைத்து, மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கினால்தான் உண்டு. அந்த ஏற்பாடெல்லாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்துசேர்வதற்குள் பல வருடத்து உப்பு மணலுக்குள் இறங்கிவிட்டது. ஆறு ஓடியிருந்தால் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். கர்நாடகத்தின் ஏரிகள், ஆந்திரத்தின் தடுப்பணைகள், நம் பக்கத்து மணல் கொள்ளை எல்லாம் சேர்ந்து பாலாறு ஓடுவதே அபூர்வமாகிவிட்டது. உப்பு அங்கேயே தங்கிவிட்டது.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் தீர்ப்பை இன்றும் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்றது நீதிமன்றம். இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையமும் வந்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாத தொழிற்சாலைகளை மூடியபோது அங்கே கூலிக்கு இருந்தவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். விவசாயி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம் என்று பேசுவதை அப்போதிருந்தே கேட்கிறேன். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒருவர்தானே அம்மா?

இப்போது ஆர்டர் விஷயத்துக்கு வருவோம். ஆம்பூர் ஷூவை வாங்குபவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். 2008இல் அங்கே வங்கிகள் சரிந்தபோதும், 2020இல் கடைகள் மூடியபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோதும் அடி இங்கே விழுந்தது. வரி குறையலாம், ஏறலாம். ஆனால் ஷூ ஆர்டர் சீசனுக்கு மாதக்கணக்கில் முன்பே முடிவாவது. ஒரு சீசன் கைவிட்டுப் போனால் அடுத்ததற்குத்தான் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கம்பெனியில் வேலை குறைந்தால் ஜனங்கள் நிலத்துக்குத் திரும்புவார்கள். ஒரு போகம் நெல்லோ கேழ்வரகோ வேர்க்கடலையோ எடுத்து அந்த வருடத்தைத் தாண்டிவிடுவார்கள். தண்ணீர் கெட்டதால் போனது விளைச்சல் மட்டுமல்ல, கம்பெனி தும்மினால் ஒதுங்க இருந்த அந்த இடமும் போயிற்று. ஊருக்கே பொதுவாக நடந்த நஷ்டம் இது. உங்கள் வீட்டில் இன்னும் முக்கால் ஏக்கர் மிச்சம் இருக்கிறது. அதை விற்று நான்கு மெஷின் வாங்கினால், சம்பளம் எந்த ஆர்டரை நம்பி நிற்கிறதோ, சொத்தும் அதே ஆர்டரை நம்பி நிற்கும். ஆர்டர் குறையும்போது கம்பெனிகள் முதலில் நிறுத்துவது வெளி ஜாப் வொர்க்கைத்தான். உள்ளே இருக்கும் லைனுக்கே வேலை போதாதபோது வெளியே கொடுக்கமாட்டார்கள். உங்களுக்கு 3 நாள் வேலை என்பதே அதற்குச் சாட்சி.

அடுத்து, எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களே, அது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக ராஜினாமா செய்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நிர்வாகம் உங்களைக் குறைத்தால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தரவேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தரவேண்டும். கிராஜுவிட்டி அதற்கு மேல் தனி. 5 வருடம் தாண்டியவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 500. 15 நாளுக்கு 7,500. 9 வருடத்துக்குக் கிராஜுவிட்டி 67,500 ரூபாய்.

வேலை இல்லாத நாட்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலையில் ஒரு வருடம் முடித்த நிரந்தரத் தொழிலாளியை லே-ஆஃப் செய்தால் (வேலை இல்லை என்று தற்காலிகமாக நிறுத்திவைத்தால்) அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி தரவேண்டும். ஆனால் அந்த நாட்களில் குறித்த நேரத்துக்குப் போய் ஆஜராக வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 'வராதே' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் நோட்டீஸாக எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் லைனில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. ஒரு ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பங்குத்தொகை கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். ஆறு மாதம் 26 வாரம். வாரம் 3 நாள் என்றால் சரியாக 78. ஒரு நாள் தவறினாலும் போய்விடும். கூலி தந்த விடுப்பு நாளும் இந்தக் கணக்கில் சேரும், ஆகவே சம்பளச் சீட்டில் நாள் எண்ணிக்கையை மாதாமாதம் பாருங்கள். வேலை இழந்தவர்களுக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் 2018இல் வந்தது. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் அது. இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

பி.எஃப். பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, எனக்குப் பெரிய கவலை அதுதான். பி.எஃப்.போடு ஓய்வூதியக் கணக்கு ஒன்றும் ஓடுகிறது. 10 வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. நீங்கள் 9 வருடம் 2 மாதத்தில் நிற்கிறீர்கள்! இப்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் வாழ்நாள் ஓய்வூதியத்தை ஒரே தடவை வரும் தொகைக்காக விட்டுக்கொடுத்ததாகிவிடும். கம்பெனி மூடினாலும் அந்தப் பங்கை எடுக்காதீர்கள். ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிவைத்தால் அடுத்த கம்பெனியில் சேவை தொடரும். தோல் இல்லாத காலணிக் கம்பெனிகள் செய்யாறு சிப்காட்டில் இருக்கின்றன. பனப்பாக்கத்திலும் ஒன்றுக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். அப்பர் தைக்கத் தெரிந்த கைக்கு அங்கே மதிப்பு உண்டு. தோலைப் பதனிடும் வேலை இல்லாததால் ஆற்றுக்கும் அவ்வளவு பாரம் இல்லை. தூரம் ஒரு கஷ்டம்தான்.

ஜாப் வொர்க் ஆசையை விடவேண்டியதில்லை. ஆர்டர் திரும்பி, ஒரு கம்பெனியாவது எழுத்தில் வேலை தர முன்வந்த பிறகு இரண்டு மெஷினில் தொடங்கலாம். முதல் நாளே உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. சரக்கு வாங்கியதற்கும் கொடுத்ததற்குமான ஒவ்வொரு சலானும் கையில் இருக்கட்டும். இதற்காக வாரத் தவணைக் குழுக் கடன் மட்டும் வேண்டாம். வாரக் கூலி நிச்சயமில்லாத வீட்டை அது முறித்துவிடும்.

நிலத்தைப் பொறுத்தவரை, உப்புத் தண்ணீர் என்று தெரிந்த நிலத்தை இந்த நேரத்தில் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்க அங்கே வழி கேளுங்கள். மண் உவரா (கரையும் உப்பு மிகுந்தது) களரா (சோடியம் மிகுந்தது) என்பது முதலில் தெரியவேண்டும். களருக்கு ஜிப்சம் உதவும். வெறும் உவருக்கு ஜிப்சம் போடுவது வீண், வடிகால் வெட்டி மழைநீரால் கழுவவேண்டும். தண்ணீரின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேல் என்றால் காய்கறியை மறந்துவிடுங்கள். அதற்குள் இருந்தால் தென்னைக்கு நடுவே தீவனச் சோளமோ கம்பு நேப்பியரோ வரும். இரண்டு மாடு நின்றால் ஆவினுக்குப் பால் ஊற்றலாம். பெரிய வருமானம் இல்லை, ஆனால் அமெரிக்க வரி அதைத் தொடாது.

இழப்பீடு பற்றியும் விசாரியுங்கள். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடி தீர்ப்பளித்தது. விடுபட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தந்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. உங்கள் சர்வே எண் பழைய பட்டியலில் இருந்ததா, மாமனார் பெயரில் ஏதாவது வந்ததா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். நிலத்தை விற்றபிறகு இந்தக் கேள்வியைக் கேட்பது கடினம்.

தண்ணீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை கழுவிப் பிடியுங்கள். மே மாதம் ஒன்று, மழை முடிந்து டிசம்பரில் ஒன்று. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறியதா என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு அதையும் பரிசோதிப்பவர்களிடம் சொல்லுங்கள். மாறியிருந்தால் உங்கள் தோட்டத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டிப் பார்க்கலாம். குரோமியத்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள், கரைந்த உப்பை மொத்தமாக மட்டும் அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் அதைக் காட்டாது.