என்கிளெக்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றுவிட்டேன். மறுபடி எழுதலாமா, விட்டுவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: பி.எஸ்ஸி நர்சிங், ஐந்து வருட வார்டு அனுபவம், அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வில் மூன்று முறையும் தோல்வி, சொந்தக்காரர்கள் போன் செய்தாலே எடுக்கப் பயமாக இருக்கிறது. நானும் மூன்று முறை தோற்றவள்தான். நான்காவது முறை, 2024இல், பாஸானேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

முதலில், இந்த வாரம் அடுத்த தேதியை புக் செய்யாதீர்கள். தோற்றவர்கள் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்பது விதி. நான் அந்த 45 நாளே படிக்கப் போதும் என்று நினைத்துக்கொண்டேன். 2021 கடைசியில் முதல் தடவை தோற்றதும், அந்த அவமானத்தைச் சீக்கிரம் துடைத்துவிட வேண்டும் என்ற வெறியில், நைட் டியூட்டி முடிந்து வந்து பகலெல்லாம் அதே நோட்ஸில் அதே வரிகளுக்கு அடியில் மறுபடி கோடு போட்டுப் படித்து, இரண்டு மாதத்துக்குள் திரும்பப் போய் உட்கார்ந்தேன். ரிசல்ட் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பெங்களூருவிலிருந்து சென்னைக்குத் திரும்பும் ரயிலில் காட்பாடி தாண்டும் வரை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஆனால் அந்த இரண்டு தோல்வியும் ஒரே மாதிரியானவை இல்லை. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. இந்தத் தேர்வில் நீங்கள் சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தவறினால் கொஞ்சம் எளிதாக வரும். நீங்கள் பாஸ் கோட்டுக்கு மேலா கீழா என்று 95 சதவீதம் உறுதியானதும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். முதல் தடவை எனக்கு 75வது கேள்வியில் நின்றது, அன்றைய குறைந்தபட்சம் அதுதான். அப்படியென்றால் நான் கோட்டுக்கு நன்றாகவே கீழே இருந்தேன். இரண்டாவது தடவை அன்றைய உச்சமான 145 வரை போனது, அதாவது கடைசிக் கேள்வி வரைக்கும் கம்ப்யூட்டரால் முடிவு சொல்ல முடியவில்லை, நான் கோட்டை ஒட்டியே நின்றிருக்கிறேன். (2023 ஏப்ரலில் புது முறை வந்த பிறகு இது 85, 150 என்று மாறிவிட்டது.) அது தெரியாமல் இரண்டாவது தோல்விக்குத்தான் நான் அதிகம் உடைந்துபோனேன். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் எத்தனையாவது கேள்வியில் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அப்புறம் அந்த ரிப்போர்ட். பாஸானவர்களுக்கு வராது, தோற்றவர்களுக்கு மட்டும் வரும். எந்தெந்தப் பகுதியில் கோட்டுக்கு மேலே, எதில் அருகில், எதில் கீழே என்று அதில் இருக்கும். முதல் இரண்டு ரிப்போர்ட்டையும் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. மூன்றாவது தடவையும் தோற்ற பிறகுதான் மூன்றையும் பிரிண்ட் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். மருந்துகள் பகுதி ஒவ்வொரு தடவையும் மேலே ஏறியிருந்தது. ‘மேனேஜ்மென்ட் ஆஃப் கேர்’, அதாவது யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்ற பகுதி மட்டும் மூன்றிலும் கீழே. தேர்வில் அதிகக் கேள்விகள் வருவது அந்தப் பகுதியில்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான்கு நோயாளிகள், யாரை முதலில் போய்ப் பார்ப்பீர்கள்? சர்ஜரிக்குப் பிறகு வலி பத்துக்கு 8 என்று சொல்பவர், ஆக்ஸிஜன் அளவு 90 காட்டும் சி.ஓ.பி.டி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி, சுகர் 210 உள்ளவர், தைராய்டு எடுத்த மறுநாள் உதட்டைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று சொல்பவர். நான் கண்ணை மூடிக்கொண்டு 90ஐத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு அந்த 90 வழக்கமானதுதான். தைராய்டு எடுத்தவருக்குக் கால்சியம் இறங்குகிறது, அப்படியே விட்டால் குரல்வளை இறுகி மூச்சு அடைத்துவிடும். தைராய்டு சர்ஜரிக்குப் பிறகு கால்சியம் குறையும் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குக் கால்சியம் குளூக்கோனேட் போட்டிருக்கிறேன்! தெரிந்திருந்தும் எண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

இன்னொன்று, பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு அதிகம், கருப்பை தொளதொளவென்று இருக்கிறது, முதல் வேலை என்ன? ‘டாக்டருக்குத் தெரிவிப்பேன்’ என்று போட்டேன். கருப்பையை மசாஜ் செய்யத் தொடங்குவதுதான் பதில், கூப்பிடுவது அதற்கடுத்து. நம் வார்டுகளில் எட்டு வருடம் நான் பழகியது வேறு. பேஷன்ட்டுக்கு என்ன ஆனாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடு, சொன்னதைச் செய், ஃபைலில் எழுது. நானாக முடிவெடுத்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் திட்டு விழும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இந்தத் தேர்வை எழுதினால், எவ்வளவு படித்திருந்தாலும் கை தப்பான இடத்துக்குத்தான் போகும். வேலையைப் பிரித்துக்கொடுக்கும் கேள்விகளும் அப்படித்தான், அங்கே இருக்கும் எல்.பி.என் (நம்மைப் போன்ற நர்ஸுக்கு ஒரு படி கீழே வேலை பார்ப்பவர்) என்ற படிநிலை நம்மிடம் கிடையாது, நிலையான நோயாளியை அவரிடம் விடலாம், முதல் அசெஸ்மென்ட்டை விடக்கூடாது என்பதை நாம் புதிதாகத்தான் கற்க வேண்டும். இது உங்கள் அறிவில் உள்ள குறை என்று நான் நினைக்கவில்லை. உங்களை வேலை வாங்கிய விதம் உங்கள் கையில் படிந்திருக்கிறது.

அதனால் நான்காவது தடவைக்கு ஒரு நாளைக்கு 150 கேள்வி போடுவதை நிறுத்தி 25 மட்டும் போட்டேன். விடைகளைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, இவருக்கு அடுத்த பத்து நிமிடத்தில் என்ன ஆகலாம் என்று தமிழில் எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தவறிய கேள்விகளுக்குச் சரியான பதிலை எழுதி வைக்கவில்லை, ஏன் தவறினேன் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதினேன். எண்ணைப் பார்த்துப் பயந்தேன். டாக்டரைத் தேடினேன். கேள்வியில் இல்லாததை நானே சேர்த்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் அந்த நோட்டு முழுக்க இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வந்தன. ஆறு மாதம் இப்படிப் போனது.

வீட்டு விஷயம். முதல் தடவை அம்மா ஊர்ச் சபையில் ஜெபக் குறிப்புக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார், அவர் அன்பு அது. அதற்குப் பிறகு மார்த்தாண்டத்தில் இறங்கினாலே, ரிசல்ட் என்னம்மா ஆச்சு என்று கேட்காதவர்கள் இல்லை. நான் ஊருக்குப் போவதையே நிறுத்தினேன், கிறிஸ்துமஸுக்குக்கூடப் போகவில்லை. மூன்றாவது தோல்விக்குப் பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், இனிமேல் தேதி யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “சரி மக்களே, நான் மட்டும் ஜெபிச்சுக்கிறேன்” என்றார். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஒருவர் போதும், அவரிடம் மறைக்காதீர்கள்.

பணத்தையும் பாருங்கள். தேர்வுக்கு 200 டாலர், இந்தியாவில் எழுத இன்னொரு 150 டாலர், அதற்கு மேல் வரி. என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. கடன் வாங்கி எழுதும் தேர்வில் கை இன்னும் நடுங்கும், சேர்த்து வைத்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் விண்ணப்பித்த மாநிலத்தின் விதியையும் பாருங்கள், ஃப்ளோரிடாவில் மூன்று முறை தோற்றால் தனியாக ஒரு கோர்ஸ் முடித்த பிறகுதான் மறுபடி விடுவார்கள்.

விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. என்னோடு படித்த ஒருத்தி இரண்டு தோல்விக்குப் பிறகு ஜெர்மன் கற்றுக்கொண்டு அங்கே போய்விட்டாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அழுகை அடங்காத நாளில் அதை முடிவு செய்யாதீர்கள். மூன்று ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு பகுதி மட்டும் மாறாமல் கீழே இருந்தால், அல்லது ஏதாவது ஒன்று தடவைக்குத் தடவை ஏறியிருந்தால், ஆறு மாதம் எடுத்துக்கொண்டு நான்காவது முறை எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். எல்லாமே மூன்று தடவையும் கீழே இருந்தால், படிக்கும் முறையை அடியிலிருந்து மாற்றாமல் இன்னொரு 350 டாலரைக் கட்டாதீர்கள்.