மினியாபொலிஸ் குளிரும் இட்லி மாவும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் மேற்படிப்புப் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

என் மகன் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறான். நல்ல கனமான ஜாக்கெட்டாகச் சென்னையிலேயே வாங்கி அனுப்பலாமா?
– திருச்சியிலிருந்து ஒரு தந்தை

வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஊட்டி, மணாலி குளிருக்கானவை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மினியாபொலிஸில் ஜனவரி மாதச் சராசரி இரவு வெப்பநிலையே ஏறக்குறைய 9 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 13 செல்சியஸ். 2019 ஜனவரி 30 அன்று அது மைனஸ் 28 ஃபாரன்ஹீட் (மைனஸ் 33 செல்சியஸ்) வரை இறங்கியது. பல்கலைக்கழக வகுப்புகளே ரத்தாயின.

ஒரே ஒரு தடித்த கோட்டு இந்தக் குளிருக்குப் போதாது. மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ் அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத, தொப்பி வைத்த, இடுப்புக்குக் கீழே இறங்கும் பார்க்கா. உள்ளே பருத்தி பனியன் போடவே கூடாது. வேகமாக நடந்தால் வேர்க்கும், பருத்தி அதைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிடம் நின்றால் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

விரல் பிரித்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிட்டன் அதிகச் சூடு தரும். பூட்ஸை கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு, அரை சைஸ் பெரிதாகப் பார்த்து வாங்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கிற பூட்ஸில் ரத்த ஓட்டம் குறைந்து கால்தான் முதலில் விறைக்கும். மினசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. பார்க்காவுக்கு நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். பூட்ஸை மட்டும் அக்டோபரிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். கையில் காசு குறைவென்றால் குட்வில் போன்ற பழைய துணிக் கடைகளில் நல்ல பார்க்காக்கள் கிடைக்கும். பூட்ஸைப் பழையதாக வாங்குவது சரிவராது.

வானிலைச் செயலியில் ஒரு வெப்பநிலை காட்டுகிறது, "ஃபீல்ஸ் லைக்" என்று அதைவிடக் குறைவாக இன்னொன்றும் காட்டுகிறது. எதைப் பார்த்து உடுத்துவது?
– மேடிசனிலிருந்து ஒரு மாணவி

இரண்டாவதை. உடம்பைச் சுற்றியிருக்கும் வெதுவெதுப்பான காற்றுப் படலத்தைக் குளிர்காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் வரும் வித்தியாசம் அது. 0 ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 19. அந்த நிலையில், மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைந்துபோகும். காது, மூக்கு நுனி, விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள். உள்ளே போய், வெதுவெதுப்பான (சுடாத) நீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நடக்கும்போது வெள்ளைப் பனியைவிட, வெறும் ஈரம் போலத் தெரியும் கறுப்புத் தரைக்கே அதிகம் பயப்பட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத ஐஸ். கையை பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, குழந்தை நடை பழகுவது போலச் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி நடங்கள்.

நாங்கள் மூன்று பேர் ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறையில் எல்லோருமே ஊருக்குப் போகிறோம். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால் பில் மிச்சமாகுமே?
– மினியாபொலிஸிலிருந்து ஒரு மாணவர்

தயவுசெய்து அணைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். சுவருக்குள் இருக்கும் குழாய் வெடித்து, ஐஸ் உருகும்போது வீடே வெள்ளமாகும். சேதத்துக்கான பணத்தை உங்களிடமே கேட்பார்கள். வீட்டுச் சூட்டை நிர்ணயிக்கும் தெர்மோஸ்டாட்டை 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காமல் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் கீழ்க் கதவுகளைத் திறந்து வைத்தால் அறைச்சூடு குழாய்க்கும் போகும். கிளம்புமுன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

வீட்டில் இருக்கும் நாட்களில் 68 ஃபாரன்ஹீட் (20 செல்சியஸ்) போதும். வெப்பம் வீட்டுக்காரர் கட்டுப்பாட்டில் இருக்கும் வீடுகளில், அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குறைந்தது 68 டிகிரி தர வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். தரவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஸ்பேஸ் ஹீட்டர் (அறையில் தனியாக வைக்கும் சிறு மின் ஹீட்டர்) வாங்குவதானால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1500 வாட் ஹீட்டர், 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். வீட்டு இணைப்பு பெரும்பாலும் 15 ஆம்பியர். அதே இணைப்பில் மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயரே உருகிவிடலாம், அதனால் நேராகச் சுவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். போர்வை, திரை எல்லாம் மூன்றடி தள்ளி இருக்கட்டும். குளிருக்காக காஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டு உட்காரவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, உயிர் போகும்.

நவம்பரிலிருந்து இட்லி மாவு பொங்கவே இல்லை. இரண்டு நாள் வைத்தும் கல் மாதிரி இருக்கிறது.
– பஃபலோவிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி

மாவு பொங்க 27 முதல் 32 செல்சியஸ் வரை சூடு வேண்டும். உங்கள் சமையலறையில் 20தான் இருக்கும். ஓவனை அணைத்தபடியே வைத்து, உள்ளே விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை 12 முதல் 16 மணி நேரம் வைப்பது பலர் கையாளும் வழி. ஆனால் அந்த விளக்கு பழைய குண்டு பல்பாக இருந்தால்தான் பலிக்கும். எல்.இ.டி. பல்பு சூடாகாது. அப்படியானால் ஓவனை மிகக் குறைந்த சூட்டில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கை வைத்தால் இளஞ்சூடாக மட்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாவை வையுங்கள். ஓவன் கதவில் "உள்ளே மாவு இருக்கிறது" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். தெரியாமல் அறைத்தோழி பீட்சாவுக்காக ஓவனைப் போட்டுவிட்டால் மாவு, பாத்திரம் இரண்டுமே போகும்.

இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார பிரஷர் குக்கர் இருந்தால் யோகர்ட் பட்டனில் 12 மணி நேரம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். அதன் சொந்த மூடியைப் பூட்டாமல் சாதாரணத் தட்டால் மூடுங்கள்; பூட்டினால் பொங்கிய மாவு வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

சூடு சரியாக இருந்தும் பொங்கவில்லையென்றால் உளுந்தைச் சந்தேகப்படுங்கள். கடையில் நெடுநாள் கிடந்த உளுந்து பொங்காது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். மிக்ஸி சூடாகாமல் இருக்க ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, கடைசியில் கையாலேயே கலக்குங்கள்.

தாளிக்கும்போதெல்லாம் ஸ்மோக் அலாரம் அடிக்கிறது.
– ஆன் ஆர்பரிலிருந்து ஒரு மாணவர்

அலாரத்தைப் பையால் மூடுவதும் பேட்டரியைக் கழற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஆபத்து என்பதோடு வாடகை ஒப்பந்த மீறலும் ஆகும். அடுப்புக்கு மேலிருக்கும் மைக்ரோவேவ் மின்விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளுவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வடிகட்டி, புகையை அறைக்கே திருப்பி அனுப்பும். ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வைத்து, மிதமான சூட்டில், எண்ணெய் புகையுமுன்பே கடுகைப் போடுங்கள். மிளகாய் வற்றல் கடைசியில். மின் அடுப்பின் சுருள் அணைத்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும், அதனால் கரண்டியை அடுப்பிலிருந்து இறக்கினால்தான் கருகாது. பெரிய கட்டடங்களில் பொது அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியேற வேண்டும். கோட்டும் பூட்ஸும் கதவருகிலேயே இருக்கட்டும்.

காலையில் மூக்கில் ரத்தம் வருகிறது.
– மேடிசனிலிருந்து ஒரு மாணவர்

ஹீட்டர் காற்றின் வறட்சிதான் பெரும்பாலும் காரணம். தலையை அண்ணாந்து பார்க்காமல் முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிற்காவிட்டாலோ அடிக்கடி வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் வைத்து அறை ஈரப்பதத்தை 30 முதல் 40 சதவீதத்தில் வையுங்கள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், பூஞ்சை வரும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குளித்துத் துவட்டியதும், தோல் காயுமுன் வாஸலின் தடவுங்கள். தேங்காயெண்ணெயும் நல்லதுதான். 24 செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும், வெந்நீரில் பாட்டிலை வைத்து எடுங்கள்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். விசா இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?
– ஷிகாகோவிலிருந்து ஒரு மாணவி

பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து. படிக்கும்போது ஒரு வருடம் செல்லும், ஓ.பி.டி.யில் (மாணவர் விசாவிலேயே வேலைப் பயிற்சி பெறும் அனுமதி) இருந்தால் ஆறு மாதம்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் கையெழுத்துப் போடும் பல்கலைக்கழக அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள்.

மினியாபொலிஸில் படிக்கும் என் மகள் ஜனவரியிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. எப்போதும் தூக்கம், எதிலும் விருப்பமில்லை என்கிறாள். குளிரால் இப்படி ஆகுமா?
– மதுரையிலிருந்து ஒரு தாய்

ஆகும். குளிரைவிட வெளிச்சக் குறைவே பெரிய காரணம். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் காலை 7.50 வாக்கில் உதித்து மாலை 4.30க்கெல்லாம் மறைந்துவிடும். ஆய்வகத்துக்குள் பகலைக் கழிப்பவர்கள் வெயிலையே பார்ப்பதில்லை. இந்தப் பருவகால மனச்சோர்வை 1984-லேயே மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்திருக்கிறார்கள். சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள், அம்மா.

10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டியை, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், முகத்திலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் வைத்து தினமும் 30 நிமிடம் அதன் முன் உட்காரலாம். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. கண் நோயோ இருமுனைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். மதியம் 20 நிமிடம் வெளியே நடப்பது, மேகமூட்டமான நாளிலும், உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பது போல் ஏதாவது சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்காவுக்குள்ளிருந்து 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

பேசும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவதால் நமக்கும் மினியாபொலிஸுக்கும் வித்தியாசம் பதினொன்றரை மணி நேரமாகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். நீங்கள் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அவளுக்குக் காலை ஒன்பதரை, வகுப்புக்கோ ஆய்வகத்துக்கோ ஓடும் நேரம். நமக்குக் காலை ஏழரை என்றால் அவளுக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணி, சாப்பிட்டு முடித்துத் தனியாக உட்கார்ந்திருப்பாள்.