பரீட்சை மண்டபத்தில் மறந்துபோவது

வணக்கம் ஐயா,

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தரம் 11 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அதில் ஒரு பிள்ளை விடிய நாலு மணிக்கு எழும்பி வரலாற்றுக் கொப்பியைச் சத்தமாக ஐந்தாறு தரம் வாசிக்கிறாள். வீட்டில் எல்லாம் தெரியும் என்கிறாள். தவணைப் பரீட்சையில் வினாத்தாளைக் கண்டதும் ஒன்றும் வருவதில்லை. வெளியே வந்த பிறகு விடை ஞாபகம் வருகிறதாம். 'மண்டையில ஏறாத பிள்ளை' என்று வீட்டார் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், வல்லாரை கொடுக்கிறார்கள். இது ஞாபகசக்திக் குறைவா, பயமா?

வாசகி, தலவாக்கலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

வெளியே வந்ததும் விடை வருகிறதென்றால் பாடம் மண்டையில் ஏறியிருக்கிறது. ஏறியதை வேண்டிய நேரத்தில் எடுக்கத்தான் அவளுக்குப் பழக்கமில்லை. நினைவின் வேலையை உளவியலில் பதித்தல், சேமித்தல், மீட்டல் என்று பிரிப்பார்கள். நம் பள்ளிக்கூடங்களில் 'மீட்டல்' என்ற சரியான சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மீட்டல் என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் செய்வதெல்லாம் திரும்பத் திரும்ப வாசிப்பது.

வாசிக்க வாசிக்க வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியது தெரிந்தது போலவே இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் சிறு பாடமொன்றை நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு சுற்று வாசித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதியவர்களுக்கு 61 சதவீதம் ஞாபகம் இருந்தது. உங்கள் பிள்ளை வீட்டில் 'தெரியும்' என்பது அந்த ஐந்தாவது நிமிடத்தில்.

உதாரணத்துக்கு அவளுடைய வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் சீர்திருத்தத்தை, அதாவது ஆங்கிலேயர் இலங்கையில் செய்த ஆட்சி மாற்றங்களை, எடுங்கள். ஒரு தரம் கவனமாக வாசிக்கச் சொல்லி, கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு வெறும் தாளைக் கொடுங்கள். 1833 வரும், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் ஒழிப்பு வரும், ஐந்து மாகாணங்கள் வராமல் நிற்கும். உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அவள் தேடித் தவிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் படிப்பு. பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் சேர்க்கட்டும். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் புதுத் தாளில் அதையே எழுதட்டும். சிவப்பு குறைந்துகொண்டே வரவேண்டும். அடுத்த நாள் எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். படித்ததில் பெரும்பகுதி நழுவுவது முதல் நாளுக்குள் என்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இலேயே காட்டியிருக்கிறார்.

இந்த முறை தவறிப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: கொப்பி பக்கத்திலேயே திறந்து கிடப்பது, எழுதாமல் வாயால் 'இது தெரியும்' என்று தாண்டிப் போவது, நான்கு தரத்தையும் ஒரே இரவில் முடிப்பது.

பயமும் இருக்கிறது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது நான்கைந்து விஷயம்தான். 'பெயிலானா அம்மா என்ன சொல்லுவாங்க' என்ற எண்ணம் அதில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பதற்றத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனும் மீட்டலைத் தடுக்கும். ஆகவே வாரம் ஒரு தரம் கடந்தகால வினாத்தாளை மணிக்கூடு வைத்து, பேச்சில்லாமல் எழுத வையுங்கள். மண்டபம் புது இடமாக இருக்கக்கூடாது. அன்றைக்கு மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடட்டும், ஐந்து தரம். பிறகு தெரிந்த வினாவில் தொடங்கட்டும். அடைத்து நின்றால் இடம் விட்டு அடுத்ததற்குப் போகட்டும். வேறொரு விடை எழுதும்போது இது வந்து சேரும்.

நாலு மணி எழுப்புதலை விடச் சொல்லுங்கள். அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், படித்தது உறுதிப்படுவதும் தூக்கத்தில்தான். தோட்டத்து லய வீடுகளில் அடுத்த காம்பரா டிவி அடங்கப் பத்து மணியாகும் என்பது தெரியும். அதனால்தான் இந்த முறையைச் சொல்கிறேன்: ஒரு பாடத்துக்குப் பதினைந்து நிமிடமும் ஒரு தாளும் போதும்.

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, சாப்பிடட்டும். இந்தச் சிக்கலுக்கு அது மருந்தில்லை. 'ஏறாத பிள்ளை' என்ற பேச்சை மட்டும் வீட்டார் இன்றைக்கே நிறுத்தவேண்டும், அந்தச் சொல்லும் அவளோடு மண்டபத்துக்குள் போகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அல்லது மனநல உதவிக்கு 1926க்கு அழையுங்கள்.