மாடி தண்ணி யுஜிடில (பாதாள சாக்கடைல) போகுதா? மொதல்ல அத கழட்டுங்க

பெங்களூர் ஹொரமாவுல இருந்து ஒரு மேடம் கேட்டிருக்காங்க. 30க்கு 40 அடி சைட்டு, மேல ஒரு மாடி. மழை வந்தா தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, பாத்ரூம் ஓட்டை வழியா சாக்கடை வேற ஏறி வருது. டெரஸ் பைப்ப நேரா போர்ல விட்டுடலாம்னு காண்ட்ராக்டர் 70,000 கேக்கறாரு, குடுக்கலாமா, ஒரு வீடு போட்டு என்ன ஆகப்போகுதுன்னு கேள்வி.

குடுக்காதீங்க மேடம். மாடில இருக்கற புறா எச்சமும் தூசியும் வடிகட்டாம போர்ல எறங்கினா உங்க தண்ணியும் கெடும், பக்கத்து வீட்டு போரும் கெடும். நேரா போர்ல விடறேன்னு எவன் சொன்னாலும் வாசலோட அனுப்பிடுங்க.

இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. மாடி பைப்புல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திட்டு கீழ யுஜிடி சேம்பர் மூடிய தொறந்து பாருங்க. அதுல வந்து விழுந்தா, பைப்பு மிச்சம் பண்ண மேஸ்திரி அங்கயே சேத்துட்டு போயிருக்காருன்னு அர்த்தம். அது கக்கூஸ் தண்ணிக்குன்னு போட்ட லைன், தெருவுல இருக்கற எல்லா மாடியும் அதுல கொட்டினா மேன்ஹோல் பொங்கும், தாழ்வா இருக்கற வீட்டு பாத்ரூம்ல தான் ஏறும். இத கழட்டி விட்டா ரெண்டு கஷ்டத்துல ஒன்னு கொறையும், அதுக்கு பிளம்பர் கூலியும் கொஞ்சம் பைப்பும் போதும்.

கழட்டின தண்ணி எங்க போகணும்? மொதல் மழைய வெளிய விட்டுட்டு, அப்புறம் ஜல்லி, கரி, மணல் போட்ட டிரம்ல வடிகட்டி சம்ப்புக்கு. சம்ப் ரொம்பினா ரீசார்ஜ் கிணறுக்கு, அதாவது தண்ணிய மண்ணுக்குள்ள எறக்கற கிணறுக்கு. 1,000 சதுர அடி மாடில 50 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 4,600 லிட்டர் வரும். 3 அடி அகலம் 20 அடி ஆழம் ரிங் எறக்கினா 4,000 லிட்டர் புடிக்கும், அடில சிமெண்ட் பூசக்கூடாது, பூசினா அது வெறும் தொட்டி. கிணறு வெட்ற மண்ணு வட்டர்ங்கற சமூகத்து ஆளுங்க ஊர்ல இன்னும் இருக்காங்க, அவங்களயே கூப்பிடுங்க.

ஆனா உங்க ஏரியாவுக்கு ஒன்னு நல்லா கேட்டுக்கோங்க, ஏரி பக்கம் பள்ளத்துல இருக்கற சைட்டுல 6, 7 அடிலயே ஊத்து வந்துடலாம். அப்படி வந்தா அங்க கிணறு வெட்டினா கீழ இருந்தே ரொம்பி நிக்கும், மேல இருந்து ஒரு சொட்டு எறங்காது, காசு தண்டம். அதனால வெட்றதுக்கு முன்னாடி மழைக்காலத்துலயே ஒரு குழி போட்டு பாருங்க. வெயில் காலத்துல பாத்தா காஞ்சுதான் இருக்கும், அத நம்பி ஏமாறாதீங்க. ஊத்து வந்துச்சுன்னா கிணற விட்டுட்டு பெரிய தொட்டி வைங்க, மழைக்கு முன்னாடி அத காலி பண்ணி வைங்க. தெரு தண்ணி கிணத்துக்குள்ள வராம திட்டு ஒசத்தி கட்டறதும் உங்களுக்கு ரொம்ப முக்கியம், அது சாக்கடை கலந்த தண்ணி.

ஒரு வீட்டால தெரு காயாது, உண்மைதான். இருபது வீடு புடிச்சா ஒரே மழைல 90,000 லிட்டர் ரோட்டுக்கு வராது. புது 30க்கு 40 வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2009லயே சட்டம் வந்தாச்சு, செக் பண்ண வர்றவங்க டிரம் இருக்கான்னு பாத்து டிக் போட்டுட்டு போறாங்க, பைப்பு அதுல சேந்திருக்கான்னு யாரும் குனிஞ்சு பாக்கல. 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோட்டுல படகும் டிராக்டரும் ஓடின அப்புறமும் ராஜகாலுவே (பெரிய மழைநீர் கால்வாய்) மேல கட்டினத முழுசா எடுக்கல, பாக்க பாக்க வயிறு எரியுது.

கிணறும் ரொம்பினா மிச்சம் மழைத்தண்ணி மோரிக்கு (தெரு மழைத்தண்ணி கால்வாய்க்கு) தான் போகணும். ஓவர்ஃப்ளோ எங்க விடறீங்கன்னு காண்ட்ராக்டர கேளுங்க, யுஜிடி சேம்பர்னு சொன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.