வீட்டிலேயே மலிவாகக் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு வள்ளம்) செய்ய முடியுமா? யாழ்ப்பாணப் பரவைக்கடலில் ஓட்டத்தான்.

முடியும். பரவைக்கடல் ஆழம் குறைந்தது என்பதால் தட்டையான அடிப்பாகமே போதும். வளைவான அழகுக்கு ஆசைப்பட்டால் செலவு ஏறும்.

4 மில்லிமீற்றர் தடிப்புள்ள, நீர் தாங்கும் ஒட்டுப்பலகை இரண்டை (எட்டடிக்கு நாலடி) வாங்குங்கள். அடி, பக்கங்கள் என வெட்டி, ஓரங்களில் ஒரு சாண் இடைவெளியில் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியால் பலகைகளைத் தைத்து முறுக்குங்கள். தட்டையாகக் கிடந்த பலகை கம்பி இறுக இறுக வள்ளமாக எழும்பும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். கோணல் இருந்தால் இப்போதே நிமிர்த்திவிடுங்கள். பசை காய்ந்தபின் எதுவும் நடவாது.

பிறகு எப்பொக்சிப் பசையில் மெல்லிய மரத்தூளைக் குழைத்து உட்பக்க மூட்டுகளில் பூசுங்கள். இறுகியதும் கம்பியைக் கழற்றி, உள்ளும் புறமும் கண்ணாடியிழை நாடா ஒட்டுங்கள். மீன்பிடிப் படகுகளுக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசின் மலிவுதான். ஆனால் மரத்தில் அது அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. மிச்சம் பிடிப்பதானால் வர்ணத்தில் பிடியுங்கள், பசையில் வேண்டாம். வர்ணமே பூசாமலும் விடக்கூடாது, வெயில் எப்பொக்சியைக் கெடுத்துவிடும்.

இரு முனைகளிலும் மூடி இறுக்கிய வெற்றுப் போத்தல்களை அடைத்துக் கட்டுங்கள். ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். உயிர்காப்பு அங்கி அணியுங்கள், சோளகக் காற்று உரத்து வீசும் நாட்களில் இறங்காதீர்கள்.