கிளையண்ட் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் கேள்விகள்

மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு 12 வருடமாக இங்கிலாந்துச் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, கிளையண்டுடன் மனக்கசப்பு வந்த பிறகு எழுதப்பட்டவை. முடிந்தவரை விரிவாகச் சொல்கிறேன்.

போன ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. மூன்றாம் நாள் திறந்தால் கிளையண்டிடமிருந்து ஏழு மெயில். கடைசி மெயிலில், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டார். மழைக்கு நான் என்ன செய்ய முடியும் அக்கா? (பட்டுக்கோட்டை வாசகர்)

மழைக்கு ஒன்றும் செய்ய முடியாது தம்பி. ஆனால் அந்த ஏழு மெயிலையும் முதலிலிருந்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டில் கோபம் இருந்திருக்காது. நீங்கள் நலமா, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார். பதிலே வராத ஒவ்வொரு மணி நேரமும், முன்பணத்தோடு ஆள் ஓடிவிட்டாரோ என்ற பயம்தான் அவருக்கு ஏறியிருக்கும்.

எனக்கும் இது நடந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் தென்னை மரங்கள் மின்கம்பிமேலேயே சாய்ந்து கிடந்தன. நான்காம் நாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய், அங்கே ஒரு உறவினர் வீட்டில் உட்கார்ந்துதான் மெயிலைத் திறந்தேன். புயலைப் பற்றி விளக்கி எழுதினேன். ஒரு அம்மா திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "புயல் வருவது முந்தின நாளே தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை?" 15ஆம் தேதி மாலை மெழுகுவத்தி வாங்கி வைத்தேன், குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தேன், இரண்டு வரி மெயில் மட்டும் எழுதவில்லை. அந்தக் கிளையண்ட் திரும்பி வரவே இல்லை.

அதிலிருந்து அக்டோபர் முதல் வாரத்தில் எல்லாக் கிளையண்டுக்கும் ஒரு மெயில் போய்விடும். எங்கள் பகுதிக்கு டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மின்சாரமும் இணையமும் போகலாம், 24 மணி நேரம் என்னிடமிருந்து சத்தம் இல்லை என்றால் இந்த எண்ணில் கேளுங்கள் என்று. எண் கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கையுடையது. கிளையண்ட் பட்டியலும், அனுப்ப வேண்டிய நாலு வரியும் அவளிடம் தயாராக இருக்கின்றன. கணக்குத் தெரியாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, நம் ஊர் மழை எட்டாத ஊரில் இருந்தால் போதும். இரண்டு சிம், இரண்டும் வேறு வேறு கம்பெனி. கோப்புகள் லேப்டாப்பில் மட்டும் இல்லாமல் கிளவுடிலும் இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலில் கரண்டை நிறுத்துவது பேப்பரிலேயே வந்துவிடுகிறது. அன்றைக்கு மீட்டிங் வைக்காமல் இருப்பது நம் கையில்.

இப்போதைக்கு அந்தக் கிளையண்டுக்கு ஒரு மெயில் எழுதுங்கள். காரணத்துக்கு ஒரு வரி போதும், கெஞ்ச வேண்டாம். முடித்த வரைக்குமான கோப்புகள், பாஸ்வேர்டுகள், மீதி வேலைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் அது அவருக்குச் சேர வேண்டியது.

லோகோ, பிரசுரம் எல்லாம் டிசைன் செய்கிறேன். முழுசாக முடித்துவிட்டுத்தான் காட்டுவேன். அரைகுறையாகக் காட்டினால் மதிப்புக் குறைந்துவிடாதா? ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசியில் பாதியை மாற்றச் சொல்கிறார்கள். (பாபநாசம் வாசகி)

உங்கள் ஊரிலிருந்து சுவாமிமலை எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஒரு நாள் அங்கே சிலை வார்க்கும் ஸ்தபதி பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் பிடிக்கிறார்கள். விரல் நகம், இடுப்பு மணி வரைக்கும் அந்த மெழுகிலேயே வந்துவிடும். அதற்குமேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, கம்பி கட்டிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடும். அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். கை இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம் என்று மெழுகு நிலையில் சொன்னால், இளக்கி வளைத்துவிடலாம். உலோகம் ஊற்றிய பிறகு சொன்னால்?

நீங்கள் ஊற்றிய பிறகு காட்டுகிறீர்கள். வண்ணம் சேர்க்காத பென்சில் கோட்டையே காட்டுங்கள், "இது மெழுகு நிலை" என்று சொல்லியே காட்டுங்கள். மதிப்புக் குறையாது. தூரத்தில் இருக்கிறவருக்கு, தன் வேலை ஒருவர் கையில் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதே தெம்பு. ஒன்று மட்டும் கவனம்: "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "பெயர் இடது பக்கம் இருக்கட்டுமா, நடுவில் வரட்டுமா? வியாழக்கிழமைக்குள் சொன்னால் வெள்ளிக்கிழமை வண்ணத்துக்குப் போய்விடுவேன்" என்று கேளுங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. வீடியோ கால் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. (கும்பகோணம் வாசகி)

உங்கள் நீண்ட கடிதத்தைப் படித்தேன். அதில் உண்மையான சிக்கல் சரளம் இல்லை என்று எனக்குப் படுகிறது. "நான் எல்லாவற்றுக்கும் ஓகே ஓகே என்றுதானே சொன்னேன், அப்புறமும் ஏன் கோபப்படுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நாம் பேசிப் பழகிய விதத்தில் எதிராளி பேசும்போது உம் கொட்டுவது மரியாதை. உம் கொட்டாவிட்டால் "கேக்குறியா இல்லையா" என்று பாட்டி அதட்டுவாள். அந்த "உம்"தான் ஆங்கிலத்தில் பேசும்போது "ஓகே" ஆகிவிடுகிறது. நாம் சொல்வது "காதில் விழுந்தது" என்று. அவர் எடுத்துக்கொள்வது "ஒப்புக்கொண்டேன், செய்து தருகிறேன்" என்று. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று அவர் கேட்டபோதும் உங்கள் வாயிலிருந்து அதே ஓகே வந்திருக்கிறது. தலையை ஆட்டுவதும் இதே கதைதான். நம் ஊர்த் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்றே புரிவதில்லை.

ஆகவே தேதி, பணம், வேலையின் அளவு, இந்த மூன்றும் பேச்சில் வரும்போது மட்டும் நிறுத்துங்கள். "நான் பார்த்துவிட்டு இன்று மாலைக்குள் எழுதுகிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கால் முடிந்து அரை மணி நேரத்துக்குள், பேசியது என்ன, நான் செய்வது என்ன, நீங்கள் அனுப்ப வேண்டியது என்ன என்று மூன்று வரி மெயில். நிதானமாக எழுதலாம், அகராதி பார்க்கலாம், யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். என் முதல் கிளையண்ட் என்னோடு நாலு வருடம் இருந்தது இந்த மூன்று வரிக்காகத்தான் என்று நம்புகிறேன். அப்போது என் ஆங்கிலம் உங்களுடையதைவிடத் தடுமாற்றம்.

டெக்சாஸ் கிளையண்ட். நவம்பரில் திடீரென்று நான் வீடியோ காலுக்கு ஒரு மணி நேரம் முன்கூட்டியே வந்து காத்திருக்கும்படி ஆனது. (திருவாரூர் வாசகர்)

அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால் தள்ளுகிறார்கள். அவர்களுடைய காலை எட்டரை நமக்குக் கோடையில் மாலை 7, குளிர்காலத்தில் இரவு 8. இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் மாறும். காலண்டரில் இன்றே குறித்துவிட்டு, ஒரு வாரம் முன்னதாக நீங்களே நினைவூட்டுங்கள்.

சென்னைக் கம்பெனி ஒன்று மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. கேட்டால் உறவு கெட்டுவிடுமோ? (தஞ்சாவூர் வாசகர்)

உறவு ஏற்கெனவே கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் மனசுக்குள். உங்களுக்கு வேலை கொடுக்கும் மேலாளரிடம் கேட்காமல், கணக்குப் பிரிவில் இன்வாய்ஸைக் கையாளும் ஆள் யார் என்று விசாரித்து அவரிடம் பேசுங்கள். பல சமயம் ஆர்டர் எண் விடுபட்டிருக்கும், இன்வாய்ஸ் யாருடைய மேஜையிலோ நின்றிருக்கும். சட்டமும் துணைக்கு இருக்கிறது. உத்யம் என்பது சிறு தொழில் செய்பவர்கள் மத்திய அரசிடம் செய்துகொள்ளும் பதிவு, இலவசம். குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் கூட்டு வட்டி உண்டு. இது இந்திய நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். அடுத்த வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்துவிட்டு, இன்வாய்ஸில் அந்த எண்ணை அச்சிடுங்கள். சண்டை போடாமலே பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் ஒலிபெருக்கி. கிளையண்ட் என்ன நினைப்பார்? (மயிலாடுதுறை வாசகி)

கால் தொடங்கியதுமே "எங்கள் தெருக் கோயிலில் திருவிழா, பாட்டுச் சத்தம் கேட்கும்" என்று சொல்லிவிடுங்கள். வாயருகே மைக் வரும் ஹெட்செட் வாங்குங்கள். பேசாதபோது மியூட். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு லீவு கேட்கத் தயக்கமாக இருக்கிறது. (நன்னிலம் வாசகர்)

என் நிலைமையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் தனிநபர் வருமானவரிக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜனவரி 31. பொங்கல் சரியாக அந்த நெரிசலில் வருகிறது. அதனால் டிசம்பர் முதல் தேதியே எழுதிவிடுவேன்: ஜனவரி 14 முதல் 16 வரை எங்கள் அறுவடைத் திருநாள், நான் இருக்கமாட்டேன், உங்கள் ரசீதுகள் ஜனவரி 5க்குள் வந்தால் உங்கள் கணக்கு பொங்கலுக்கு முன்பே முடிந்துவிடும். கேள்வியாக எழுதுவதில்லை, தகவலாக எழுதுகிறேன். போன வருடம் ஒன்பது பேரில் ஏழு பேர் 5ஆம் தேதிக்குள் அனுப்பிவிட்டார்கள். ஒருவர், பானை பொங்கும் படம் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். மாட்டுப்பொங்கல் அன்று கன்றுக்குட்டி படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.