தமிழ் எழுத்துரு: எங்கே தொடங்குவது?

வணக்கம் சார்,

கோவையில் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சுவர் விளம்பர எழுத்து, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இரண்டும் என்னை ரொம்பவே ஈர்த்தவை. இல்லஸ்ட்ரேட்டர் வரைகலை மென்பொருள் நன்றாக வரும். போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு தமிழ் எழுத்துரு செய்ய ஆசை. பிறகு அதையே தொழிலாக்கவும். 247 எழுத்தையும் வரைய வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

வேண்டாம். உயிர் 12, ஆய்தம், மெய்க்கு அடிப்படையாக 18, ஜ, ஷ போன்ற கிரந்தத்தில் ஆறு, ா, ி போன்ற துணைக்குறிகளும் புள்ளியுமாகப் பத்து. கு, கூ வரிசையில் குறி எழுத்தோடு ஒட்டி வருவதால் தனித்தனியே 36. அதேபோல ஒட்டும் டி, டீ இரண்டு. ஆக, சுமார் 85 வடிவம். ஜு, ஷு போன்றவற்றில் குறி தனியே நிற்பதால் அங்கே வேலை மிச்சம். இந்த 85-ஐயும் இப்போது தொடாதீர்கள்.

ப, ட, ம, க, ர, கூடவே ா, புள்ளி. இவ்வளவு வைத்துக்கொண்டே பட்டம், மரம், காரம், கட்டடம், மகரம் என்று அடுக்கலாம். பிழையெல்லாம் இங்கேயே வெளிப்பட்டுவிடும். 'காரம்' என்று அடித்து 9 பாயிண்டில் அச்செடுங்கள்: ா-வுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் அந்தச் சாய்ந்த கால் ஒன்றுதான். அதைக் குட்டையாக வரைந்திருந்தால் இரண்டு கால் அடுத்தடுத்து நிற்பதுபோலத் தெரியும். 'படம்' என்பதில் ட-வின் வலப்பக்கம் மேலே காலி. இரு பக்கமும் சம இடைவெளி விட்டால் ம-வுக்கு முன் ஓட்டை விழும், வலப்பக்க இடைவெளியைக் கிட்டத்தட்டச் சுழியமாக்குங்கள். ட்-இன் புள்ளியையும் கணக்குப்படி நடுவில் வைத்தால் அந்தரத்தில் தொங்கும். இடக்கால் பக்கம் கொஞ்சம் நகர்த்திக் கண்ணால் முடிவு செய்யுங்கள்.

அடுத்து ண, இ, ஞ. தடித்த எழுத்தில் இவற்றின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், மையில் அடைபடும். கோட்டை மற்றவற்றைவிட மெலிதாக்கத்தான் வேண்டும்.

சுவர் எழுத்திடம் கற்க வேண்டியது தூரிகை போகும் வரிசையை, வெளிக்கோட்டை அல்ல. பெயிண்டர் சுவரில் இருக்கிற இடத்துக்கு ஏற்ப ஒரு சொல்லை நெருக்குவார், நீட்டுவார். எழுத்துருவில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று தெரியாது, அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. கல்வெட்டு வேறு மாதிரி: உளிக்கோட்டில் தடிமன் வேறுபாடு அநேகமாக இராது, புள்ளியும் பெரும்பாலும் இராது. அதனால் அகல உயர விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டையும் ஒரே எழுத்துருவில் கலக்காதீர்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் முழுதாக வரைந்து கொண்டுவரும் பழக்கம் வேண்டாம். கணுக்கள், அதாவது வளைகோட்டைக் கட்டுப்படுத்தும் புள்ளிகள், தாறுமாறாக வந்து சேரும். வளைவின் உச்சி, அடி, இட, வல எல்லைகளில் மட்டும் கணு வையுங்கள். எழுத்துரு செய்யும் மென்பொருளில் கிளிஃப்ஸ் மேக் கணினியில்தான் ஓடும், காசும் வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், இடைமுகம் கொஞ்சம் கரடுமுரடு. பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன் (Catamaran), ஏக் டைப் நிறுவனத்தின் முக்தா மலர் என்ற இரண்டு எழுத்துருவும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. உள்ளே திறந்து புள்ளிக்கு நங்கூரம் (புள்ளி வந்து பொருந்தும் இடத்தின் குறி) எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

தொழில் என்றால், மேல்படிப்புக்கு இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கென்றே முதுகலை உண்டு. போர்ட்ஃபோலியோவில் போஸ்டரைக் குறையுங்கள். ஒரே பத்தியை 9, 12, 24 பாயிண்டில் அடுக்கிய பக்கம் ஒன்று வையுங்கள். அச்செடுக்கும்போது அளவு 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக்குப் பொருத்தும் தேர்வு தானாக விழுந்திருந்தால் 9 பாயிண்ட் சோதனை 9 பாயிண்டில் நடந்திருக்காது.